சிம்ப்சன்ஸ் பாக்கப் போறீங்களா? எங்க ஆரம்பிச்சு எங்க நிறுத்துறதுன்னு ஒரு வழி

விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்க, தி சிம்ப்சன்ஸ்ங்கற அமெரிக்கக் கார்ட்டூன் ஷோ 1989 டிசம்பர் 17ல வந்து சோஃபால உக்காந்துச்சு, இன்னும் எந்திரிக்கல. அதுக்கு முன்னாடியே 1987ல டிரேசி உல்மன் ஷோன்னு ஒரு நிகழ்ச்சிக்கு நடுவுல குட்டிக் குட்டித் துண்டா வந்துட்டு இருந்துச்சு, அதையும் சேத்தா இன்னும் பழசு. 2025 ஏப்ரல்ல ஃபாக்ஸ் சேனல் இன்னும் நாலு சீசனுக்கு ஓகே சொல்லிடுச்சு, அதாவது சீசன் 40 வரைக்கும், 2029 வரைக்கும் ஓடும். சிம்ப்சன்ஸ் வீட்டுப் பையன் பார்ட்டுக்கு அப்பவும் பத்து வயசு, இப்பவும் பத்து வயசு.

இதை இப்பதான் முதல் தடவையா பாக்கலாம்னு டிஸ்னி ஆப்பைத் திறக்குறவங்க சீசன் லிஸ்ட்டை ஸ்க்ரோல் பண்ணியே டயர்ட் ஆயிடுவாங்க. நெட்ல கேட்டா ரெண்டு கோஷ்டி வரும். ஒரு கோஷ்டி, முதல் எட்டு சீசன் மட்டும் பாரு, ஒன்பதாவதுல கால் வெச்சே செத்தேம்பான். இன்னொரு கோஷ்டி, இல்லல்ல இப்ப புதுசா வர்றது மறுபடி செமயா இருக்குன்னு சொல்லும். ரெண்டும் பாதி பாதி உண்மை. என் கருத்தைக் கேட்டா, ஆமா, இந்த ஷோ எப்பவோ முடிஞ்சிருக்கணும், ஓவராத்தான் இழுத்துட்டாங்க. ஆனா அவங்க முடிக்கலங்கறதுக்காக நாம முடிக்காம உக்காந்திருக்கணும்னு ஒண்ணும் இல்ல. நல்லதைப் பொறுக்கி எடுத்து, நாமளே ஒரு முடிவு வெச்சு, நிம்மதியா மூடிட்டுப் போற மாதிரி பாக்கலாம். அதுக்குத்தான் இந்த வழி.

முதல்ல ஒரு செட்டிங்

எபிசோட் போடுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிடுங்க, நிறைய பேர் இதை விட்டுடறாங்க. 2009 பிப்ரவரி வரைக்கும் வந்த எபிசோட் எல்லாம் பழைய டிவி சைஸ், 4:3, கிட்டத்தட்ட சதுரம். 2019 நவம்பர்ல டிஸ்னி பிளஸ் ஆரம்பிச்சப்போ, இப்ப இருக்குற அகல டிவிக்குப் பொருந்தணும்னு மேலயும் கீழயும் வெட்டி போட்டுட்டாங்க. கேக்க சின்ன விஷயமாத்தான் தெரியும், ஆனா இந்த ஷோல பாதி ஜோக் ஃப்ரேம் ஓரத்துலதான் ஒளிஞ்சிருக்கும். சீசன் 4ல 'டஃப்லெஸ்'னு ஒரு எபிசோட். பார்ட்டோட அப்பா ஹோமரும் அவர் கூட்டாளி பார்னியும் டஃப் பீர் ஃபேக்டரியைச் சுத்திப் பாக்கப் போறாங்க, அங்க மூணு பெரிய டேங்க், டஃப், டஃப் லைட், டஃப் டிரைன்னு தனித்தனியா எழுதியிருக்கும். மேல பாத்தா மூணுக்கும் ஒரே குழாய்லேர்ந்துதான் பீர் வருது. அவ்ளோதான் ஜோக், யாரும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. வெட்டின வெர்ஷன்ல அந்த மேல் குழாயே இல்ல, மூணு டேங்க் சும்மா நிக்குது, எதுக்கு இந்த ஷாட்டுன்னே புரியாது. ரசிகர்கள் கத்துன கத்துல 2020 மே மாசம் பழைய சைஸையும் குடுத்தாங்க. ஷோவோட டீட்டெய்ல்ஸ் பக்கத்துல 'ரீமாஸ்டர்ட் ஆஸ்பெக்ட் ரேஷியோ'ன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும்.

அடுத்து ஆடியோ. டப்பிங் வேண்டாம், இங்கிலீஷ்லயே வெச்சு சப்டைட்டில் போட்டுக்கோங்க. ஒரு ஊரே பேசுது, ஆனா பேசுறது முக்கியமா ஆறே பேர். ஹோமர், கோமாளி க்ரஸ்டி, தாத்தா, பார்னி, மேயர் எல்லாம் டான் காஸ்டலனெட்டா ஒருத்தர்தான். ஹோமரோட முதலாளி மிஸ்டர் பர்ன்ஸ், அவரோட அடிப்பொடி ஸ்மிதர்ஸ், பக்கத்து வீட்டு ஃபிளாண்டர்ஸ், பிரின்சிபால் ஸ்கின்னர் எல்லாம் ஹாரி ஷீரர். பர்ன்ஸும் ஸ்மிதர்ஸும் பேசிக்கிற சீன்ல ஒரே ஆளு தன்கிட்டயே பேசிட்டு இருக்காருன்னு தெரிஞ்சு பாத்தா அது வேற லெவல்.

இன்னொண்ணு, சீசன் 3ல முதலாவதா வர வேண்டிய 'ஸ்டார்க் ரேவிங் டாட்' எபிசோடைத் தேடாதீங்க. மைக்கேல் ஜாக்சன் பேர் போடாம குரல் குடுத்தது அது, 2019 மார்ச்ல தயாரிப்பாளர்களே எடுத்துட்டாங்க. உங்க ஆப்ல கோளாறு ஒண்ணும் இல்ல.

சீசன் 1ல ஆரம்பிக்காதீங்க

எந்த சீரிஸையும் முதல்லேர்ந்து பாக்குற ஆளுங்களுக்கு இது கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா கேளுங்க. சீசன் 1 மொத்தமே 13 எபிசோட், படம் வரையிறது இன்னும் செட் ஆகல, முதல்ல வர வேண்டிய எபிசோட் அனிமேஷன் சரியில்லன்னு தள்ளிப் போய் சீசனோட கடைசியா வந்துச்சு, அந்த அளவுக்குத் தடுமாற்றம். ஹோமரோட குரலே வேற, கொஞ்சம் கனமா, தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கும். ஸ்மிதர்ஸ் முதல்ல வர்ற எபிசோட்ல ஆளு கறுப்பா இருப்பாரு, கலர் போட்டதுல நடந்த குழப்பம், அடுத்தடுத்ததுல மஞ்சளாயிடுவாரு. இதெல்லாம் பிடிச்சுப் போனப்புறம் திரும்பி வந்து பாத்தா சுவாரசியமா இருக்கும், முதல்லயே பாத்தா இதுக்கா இவ்ளோ பில்டப்புன்னு தோணும்.

அதனால முதல்ல மூணே மூணு எபிசோட் பாருங்க.

ஒண்ணு, சீசன் 2ல 'லிசாஸ் சப்ஸ்டிட்யூட்', 1991. பார்ட்டோட தங்கச்சி லிசா, அவ கிளாஸுக்கு டெம்பரவரியா ஒரு வாத்தியார் வர்றாரு, பர்க்ஸ்ட்ராம்னு பேரு, குரல் டஸ்டின் ஹாஃப்மன், ஆனா டைட்டில்ல வேற பேர்தான் போட்டிருக்கும். வீட்டுல யாருக்கும் புரியாத எட்டு வயசுப் பொண்ணுக்கு, தன்னைப் புரிஞ்சுக்கிற ஒரு பெரிய மனுஷன் கிடைச்சா எப்படி இருக்கும், அவர் கிளம்பிப் போனா எப்படி இருக்கும், அவ்ளோதான் கதை. ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு துண்டுச்சீட்டு குடுத்துட்டுப் போவாரு, மனசு சரியில்லன்னா இதைப் பிரிச்சுப் பாருன்னு. பிரிச்சா, நீ லிசா சிம்ப்சன்னு மட்டும் எழுதியிருக்கும். இது காமெடி ஷோதானான்னு உங்களுக்கே டவுட் வரும்.

ரெண்டு, சீசன் 4ல 'லாஸ்ட் எக்ஸிட் டு ஸ்பிரிங்ஃபீல்ட்', 1993. ஹோமர் வேலை பாக்குற அணு மின் நிலையத்துல தொழிலாளிகளோட பல் வைத்தியக் காப்பீட்டைப் பிடுங்கிட்டு அதுக்குப் பதிலா பீர் பீப்பாய் தர்றேன்னு நிர்வாகம் சொல்லுது, எல்லாரும் குஷியா பீருக்கு ஓடுறாங்க, ஹோமர் மண்டைக்குள்ள மட்டும் ரெண்டு வரி மாத்தி மாத்தி ஓடிட்டே இருக்கும், பல் காப்பீடு, லிசாவுக்குப் பல் கம்பி வேணும், பல் காப்பீடு, லிசாவுக்குப் பல் கம்பி வேணும், அது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம்னு அவருக்கு உறைக்கிறதுக்குள்ள நமக்கு வயிறு வலிச்சிடும். அப்புறம் அவரே யூனியன் தலைவர், ஸ்ட்ரைக்கு, பாட்டு. நம்ம ஊர்ல யூனியன் மீட்டிங் பாத்தவங்களுக்கு இது இன்னும் நல்லாவே வொர்க் ஆகும்.

மூணாவது சீசன் 6ல 'அண்ட் மேகி மேக்ஸ் த்ரீ', 1995. இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இந்த ஷோ எதுல கெட்டிங்கறது இதுலயே இருக்கு. வீட்டு ஆல்பத்துல கைக்குழந்தை மேகியோட போட்டோ ஒண்ணுகூட இல்லையே ஏன்னு பிள்ளைங்க கேக்குது. ஹோமர் கதை சொல்றாரு. கடன் எல்லாம் அடைச்சு முடிச்சுட்டு, பர்ன்ஸ் தலையிலேயே தாளம் போட்டுட்டு வேலையை விட்டுட்டு, தனக்குப் புடிச்ச பௌலிங் சென்டர்ல குறைஞ்ச சம்பளத்துக்குச் சேருறாரு. ரெண்டு பிள்ளைக்கு அந்தச் சம்பளம் போதும். அப்ப பொண்டாட்டி மார்ஜ் மூணாவதா உண்டாயிடுறா. வேற வழியில்லாம பழைய வேலைக்கே திரும்பி வர்றாரு, அங்க வேலை தேடி வர்றவங்களுக்கு ஒரு வாசல், கெஞ்சி வர்றவங்களுக்குன்னு தனியா ஒரு குட்டி வாசல், ஹோமர் அந்தக் குட்டி வாசல் வழியா தவழ்ந்துதான் உள்ள போகணும். பர்ன்ஸ் அவர் சீட்டுக்கு எதிர்ல ஒரு பலகை அடிச்சு வைக்கிறான், மறந்துடாத, காலம் பூரா உனக்கு இங்கதான்னு. கடைசில பிள்ளைங்க கேக்குது, சரி அப்ப மேகி போட்டோ எல்லாம் எங்கன்னு. எனக்கு ரொம்பத் தேவைப்படுற இடத்துல வெச்சிருக்கேங்கறாரு. காட்டுறாங்க, ஆபீஸ்ல அந்தப் பலகை மேல பூரா மேகியோட படம், ஒட்டின படங்கள் சில எழுத்தை மறைச்சு, மிச்ச எழுத்துல அவளுக்காகப் பண்ணுன்னு தெரியுது. இருபத்தி ரெண்டு நிமிஷம், அதுல கடைசிப் பத்து செகண்டு.

இந்த மூணும் உங்களை ஒண்ணும் பண்ணலன்னா விட்டுடுங்க, இது உங்களுக்கான ஷோ இல்ல, டைம் மிச்சம். புடிச்சிருந்தா மேல படிங்க.

சீசன் நம்பரைப் பாக்காதீங்க, யார் நடத்துனாங்கன்னு பாருங்க

இதுதான் முக்கியமான விஷயம். எபிசோட் ஆரம்பத்துல எழுதியவர்னு ஒரு பேர் வரும், அது பெரும்பாலும் முதல் டிராஃப்ட் எழுதினவர் பேர். அதுக்கப்புறம் ஒரு ரூம் நிறைய ரைட்டர்ஸ் உக்காந்து வரிக்கு வரி மாத்துவாங்க, நடிகர்கள் சத்தமா படிச்சுக் காட்டுவாங்க, சிரிப்பு வராத இடத்தைத் தூக்கி எறிவாங்க, அப்புறம் ரெக்கார்டிங், பெரும்பகுதி படம் வரையிற வேலை கொரியாவுக்குப் போயிட்டு வரும், திரும்பி வந்ததைப் பாத்து மறுபடி எழுதுவாங்க. ஒரு எபிசோட் முடிய பல மாசம் ஆகும். இவ்ளோ கை மாறுற இடத்துல எது இருக்கணும் எது போகணும்னு முடிவு பண்றது ஷோரன்னர் ஒருத்தர்தான். அவர் ரசனைதான் அந்த வருஷத்தோட ரசனை. அதனால இது ஒரே ஷோ இல்ல, ஒரே பேர்ல அஞ்சாறு ஷோ.

உருவாக்கினது மேட் குரோனிங், தன்னோட அப்பா அம்மா தங்கச்சிங்க பேரையே எடுத்து வெச்சாரு, தன் பேருக்கு மட்டும் பதிலா பார்ட். ஆனா அவர்கூட இருந்த ஜேம்ஸ் எல். புரூக்ஸும் சாம் சைமனும் இல்லன்னா இதுக்கு இந்த உசுரு வந்திருக்காது, முதல் ரெண்டு சீசன் அந்த மூணு பேர் கை.

3, 4 சீசன் ஆல் ஜீனும் மைக் ரைஸும். ஜோக் மழை. கோனன் ஓ'பிரையன் டாக் ஷோக்குப் போறதுக்கு முன்னாடி இங்கதான் ரைட்டரா இருந்தாரு, 'மார்ஜ் வெர்சஸ் தி மோனோரெயில்' அவர் எழுதினதுதான். ஊருக்கு மூணு மில்லியன் டாலர் கிடைக்குது, ரோட்டைச் சரி பண்ணலாம்னு மார்ஜ் சொல்றா, வாய்ஜாலக்காரன் ஒருத்தன் பாட்டுப் பாடி மோனோரெயிலை வித்துட்டுப் போறான். ஊர்ல ஏதாச்சும் புது ப்ராஜெக்ட் அறிவிப்பு வரும்போதெல்லாம் எனக்கு இந்த எபிசோட்தான் ஞாபகம் வரும்.

5, 6 டேவிட் மிர்கின். இவர் வந்தப்புறம் கிறுக்குத்தனம் கூடும், நல்ல அர்த்தத்துல. சீசன் 5ல வர்ற 'கேப் ஃபியர்' மட்டும் முந்தின ஜீன், ரைஸ் டீம் பண்ணி வெச்சிட்டுப் போனது, அதுல வில்லன் சைட்ஷோ பாப் புல்வாரியை மிதிச்சு மிதிச்சு மூஞ்சில அடி வாங்குவாரு, ஒன்பது தடவை. எபிசோட் நீளம் பத்தலன்னுதான் அதை அவ்ளோ இழுத்தாங்க. மூணாவது அடில சிரிப்பு நின்னுடும், ஆறாவதுல மறுபடி வந்துடும்.

7, 8 பில் ஓக்லியும் ஜாஷ் வெயின்ஸ்டைனும். எனக்கு இவங்கதான் உச்சம். குடும்பத்துக்குத் திரும்பி வந்தாங்க, அதே சமயம் எதை வேணாலும் செஞ்சு பாக்குற தைரியமும் இருந்துச்சு. 'மதர் சிம்ப்சன்' கடைசில ஹோமர் கார் மேல உக்காந்து வானத்தைப் பாக்குறது, ஊர்க்காரங்க ஆளுக்கொரு கதைன்னு போற '22 ஷார்ட் ஃபிலிம்ஸ்', எல்லாம் இவங்க காலம். 'ஹோமர்ஸ் எனிமி'யைத் தனியா சொல்லணும். ஃபிராங்க் கிரைம்ஸ்னு ஒரு உழைப்பாளி வேலைக்குச் சேருறான், மேல ஒரு பௌலிங் சென்டர் கீழ ஒரு பௌலிங் சென்டர், நடுவுல குடியிருக்கான், பாவம். ஒரு வேலையும் உருப்படியா தெரியாத ஹோமருக்கு எப்படி வீடு, காரு, குடும்பம் எல்லாம் கிடைச்சுச்சுன்னு அவனுக்குத் தாங்கவே முடியல. ஒரு நிஜ மனுஷனை இந்தக் கார்ட்டூன் ஊர்ல விட்டா பைத்தியம் புடிச்சு செத்துடுவான்னு அவங்களே காட்டுறாங்க. ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவன் ஒண்ணுமே பண்ணாம ப்ரமோஷன் வாங்கினதைப் பாத்தவங்க இதை ரெண்டு தடவை பாப்பீங்க.

இது வரைக்கும் 178 எபிசோட். நல்லதுன்னு நான் சொல்ற ஏரியா 2ல இருந்து 8, இதை வரிசையாவே பாக்கலாம், அவசரம் இல்ல, ராத்திரி சாப்பாட்டுக்கு ஒண்ணுன்னு வெச்சாலே பல மாசத்துக்கு ஓடும்.

நடுவுல சீசன் 8ல 'இட்சி அண்ட் ஸ்கிராட்சி அண்ட் பூச்சி ஷோ' வரும்போது மட்டும் கொஞ்சம் உஷாரா பாருங்க. 1997 பிப்ரவரி, எபிசோட் கணக்குல தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்ங்கற பழைய கார்ட்டூனைத் தாண்டின எபிசோட் அது. கதை என்னன்னா, ரொம்ப வருஷமா ஓடுற ஒரு கார்ட்டூனுக்கு ரேட்டிங் இறங்குது, சேனல்காரங்க புதுசா ஒரு நாயைச் சேக்குறாங்க, எல்லாருக்கும் எரிச்சல். ஷோல ஒண்ணும் குறை இல்ல, இத்தனை வருஷம் ஆனப்புறம் முன்ன மாதிரி தாக்கம் இருக்காதுன்னு லிசா சொல்லுவா. அதே எபிசோட்ல சிம்ப்சன்ஸ் வீட்டுல ராய்னு ஒரு பையன் திடீர்னு கூடவே இருப்பான், யாரு என்னன்னு யாரும் கேக்க மாட்டாங்க, கடைசில கிளம்பிடுவான். அதாவது இந்த ஷோ இழுக்குதோன்னு நாம இன்னைக்குக் கேக்குற கேள்வியை, அவங்களே 1997லயே கேட்டு, கிண்டலும் அடிச்சுட்டாங்க. அப்புறமும் கிட்டத்தட்ட முப்பது வருஷம் நிறுத்தல பாருங்க, அதுதான் பெரிய ஜோக்.

ஒன்பதுக்கு மேல சல்லடை வேணும்

சீசன் 9ல ரெண்டாவது எபிசோட், 'தி பிரின்சிபால் அண்ட் தி பாப்பர்'. இத்தனை வருஷமா நாம பாத்த பிரின்சிபால் ஸ்கின்னர் உண்மையான ஸ்கின்னரே இல்ல, வேற ஒரு ஆளுன்னு சொல்லி, கடைசில எல்லாரும் இதைப் பத்திப் பேசக்கூடாதுன்னு முடிச்சுடுவாங்க. ஹாரி ஷீரருக்கே புடிக்கல, வெளிப்படையாவே திட்டியிருக்காரு. ஷோ செத்த நாள் இதுதான்னு பலரும் தேதி குறிக்கிறாங்க. ஆனா இது அடுத்து வந்த மைக் ஸ்கல்லி தலைல விழ வேண்டிய பழி இல்ல, பழைய ஓக்லி வெயின்ஸ்டைன் டீம் பண்ணி வெச்சிட்டுப் போனது. ஒரே ராத்திரில எதுவும் செத்துடல.

நிஜமா மாறுனது ஹோமர்தான். முன்னாடி அவர் முட்டாள், ஆனா பொண்டாட்டி பிள்ளைங்க மேல உசிரா இருப்பாரு, தப்பு பண்ணினா உறைக்கும். 9ல இருந்து 12 வரை, ஸ்கல்லி காலத்துல, வாரத்துக்கு ஒரு புது வேலை, எவனையாவது அடிச்சுப் போட்டுட்டு அதுக்கு ஒரு ஜோக், மார்ஜ் அழுதா அதுக்கும் ஒரு ஜோக். ஃபிளாண்டர்ஸும் அப்படித்தான், நல்ல பக்கத்து வீட்டுக்காரரா இருந்தவரை வெறும் பைபிள் பொம்மையா ஆக்கிட்டாங்க.

அதனால 9க்கு மேல எந்த எபிசோட் போட்டாலும் முதல் ஏழெட்டு நிமிஷத்துல இதைப் பாருங்க. ஹோமர் யாரையாவது காயப்படுத்தினா அது அவருக்கு உறைக்குதா? ஆரம்பிச்ச கதைக்கும் இப்ப ஓடுற கதைக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்கா? ஒரு பிரபலம் தன் சொந்தப் பேர்ல வந்து நிக்க, ஊரே அவரைப் பாராட்டிட்டு இருக்கா? முதல் ரெண்டுக்கு இல்ல, மூணாவதுக்கு ஆமான்னா தயங்காம மாத்திடுங்க. பிரபலங்க முன்னாடியும் சொந்தப் பேர்ல வந்திருக்காங்க, சீசன் 3ல 'ஹோமர் அட் தி பேட்'ல ஒன்பது பேஸ்பால் ஸ்டாருங்க வந்தாங்க, ஆனா ஒவ்வொருத்தரையும் போட்டு வறுத்தாங்க, ஒருத்தருக்கு டானிக் குடிச்சு தலை வீங்கும், ஒருத்தரை போலீஸ் தூக்கும், ஒருத்தர் காணாமலே போயிடுவாரு. சீசன் 23 கடைசில 'லிசா கோஸ் காகா' பாருங்க, லேடி காகா ரயில்ல வந்து இறங்கி எல்லாருக்கும் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பாங்க. பாருங்கன்னு சொன்னது பேச்சுக்கு, பாக்காதீங்க.

சல்லடைல தங்குனதுல நான் சொல்றது: சீசன் 11 'பிஹைண்ட் தி லாஃப்டர்', சீசன் 12ல 'ஹோமர்' (மூளைக்குள்ள கிரேயான் சிக்கினதாலதான் அவர் முட்டாள்னு தெரிய வர்றது) அப்புறம் அதே சீசன்ல ஒரே நாளை மூணு பேர் பக்கத்துலேர்ந்து சொல்ற 'டிரைலஜி ஆஃப் எரர்'. பாத்தீங்களா, இது மூணும் நான் இவ்ளோ நேரம் திட்டின ஸ்கல்லி காலம்தான். 13ல இருந்து ஆல் ஜீன் திரும்பி வந்து ரொம்ப வருஷம் நடத்தினாரு, மோசம்னு சொல்ல முடியாது, ஆனா பாத்து முடிச்ச அடுத்த நாளே மறந்துடும். அதுல சீசன் 19 'எட்டர்னல் மூன்ஷைன் ஆஃப் தி சிம்ப்சன் மைண்ட்' எம்மி விருது வாங்கினது, வாங்க வேண்டியதுதான். 27ல 'பார்ட்ஹுட்'. 2021ல சீசன் 33லேர்ந்து மேட் செல்மன் கைக்கு முக்கியப் பொறுப்பு வந்தப்புறம் நிஜமாவே ஒரு மூச்சு வந்துச்சு, 'எ சீரியஸ் ஃபிளாண்டர்ஸ்' ரெண்டு பாகம், பனிக்காட்டுல ஹோமரும் மார்ஜும் மட்டும் மாட்டிக்கிற 'பிக்சலேட்டட் அண்ட் அஃப்ரெய்ட்', ரெண்டும் நல்லா இருக்கும். இப்ப வர்றது நல்லாருக்குங்கற கோஷ்டிக்கு ஆதாரம் இதுதான், ஒத்துக்கறேன்.

ஹாலோவீன் எபிசோடுங்களுக்கு இந்தச் சல்லடை வேண்டாம், அதுல யார் செத்தாலும் அடுத்த வாரம் கணக்குல வராது, எந்த சீசன்லேர்ந்து வேணாலும் போடலாம்.

அபு விஷயம்

இந்தியாக்காரங்க பாக்கும்போது இது நெருடும், நெருடாம இருந்தாத்தான் ஆச்சரியம். கடை வெச்சிருக்குற அபு நஹசபீமபெட்டிலானைத்தான் சொல்றேன். குரல் குடுத்தது ஹாங்க் அசாரியா, வெள்ளைக்காரர், அந்த உச்சரிப்பு. அமெரிக்காவுல வளர்ந்த இந்தியப் பிள்ளைங்களை ஸ்கூல்ல அந்தக் குரல்ல கிண்டல் பண்ணாங்கன்னு ஹரி கொண்டபோலு 2017ல ஒரு டாக்குமென்டரியே எடுத்தாரு. அதுக்கு ஷோ குடுத்த பதில்தான் இன்னும் மோசம், 2018 ஏப்ரல் எபிசோட்ல, அதுவும் லிசா வாயால, முன்னாடி யாருக்கும் தப்பா படாதது இப்ப தப்பாயிடுச்சு, என்ன பண்றதுங்கற மாதிரி சொல்ல வெச்சாங்க. லிசா அப்படிப் பேசுற பொண்ணே இல்ல, கதாபாத்திரத்தையே வித்துட்டாங்க. 2020ல அசாரியா இனி பண்ணமாட்டேன்னுட்டாரு, 2021ல மன்னிப்பும் கேட்டாரு.

அதுக்காக அபு வர்றதை எல்லாம் ஸ்கிப் பண்ணணும்னு நான் சொல்ல மாட்டேன். சீசன் 7ல 'மச் அபு அபவுட் நத்திங்' பாருங்க, வெளியூர்க்காரங்களைத் துரத்தணும்னு ஊரே கிளம்புது, அபு பயந்து போய் கௌபாய் தொப்பியெல்லாம் போட்டு அமெரிக்கன் வேஷம் கட்டுறாரு. அவர் கூனிக் குறுகி நிக்கிற இடத்துல கிண்டல் அவர் மேல இல்ல, துரத்துறவங்க மேல. வந்து 30 வருஷம் ஆச்சு, இன்னைக்கும் பழசாகல. குரல் உறுத்தும், எழுத்து நிக்கும், ரெண்டையும் சேத்தே பாக்க வேண்டியதுதான்.

நிறுத்துற இடம்

அவங்க ஏன் நிறுத்தலன்னு கேட்டா, காசுதான். பழைய எபிசோடுங்க, பொம்மை, டி ஷர்ட், தீம் பார்க் எல்லாத்துக்கும் ஷோ உசிரோட இருந்தாத்தான் மதிப்பு. 2019ல ஃபாக்ஸோட ஸ்டுடியோவும் அதோட இந்த ஷோவும் டிஸ்னி கைக்குப் போனப்புறம் கேக்கவே வேண்டாம். ஆனா இழுத்ததுக்கு விலை தெரியுது. 1991ல வந்த 'தி வே வி வாஸ்'ல ஹோமரும் மார்ஜும் 1974ல ஸ்கூல்ல சந்திச்சாங்க, நமக்கு அந்த வருஷம் மனசுல பதிஞ்சு போச்சு. 2008ல 'தட் நைன்ட்டீஸ் ஷோ'ல அவங்க கல்யாணத்துக்கு முன்னாடி காலத்தையே தொண்ணூறுகளுக்குத் தள்ளிட்டாங்க, அதாவது நாம ஷோ பாத்துட்டு இருந்த அதே வருஷங்களுக்கு. பார்ட்டுக்கு வயசு ஏறாம இருக்கணும்னா அப்பா அம்மாவோட காதல் கதை வருஷா வருஷம் நகரணும், வேற வழியில்ல. குரலுங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. மார்ஜுக்குப் பேசுற ஜூலி காவ்னர் 1950ல பிறந்தவங்க, புது எபிசோட்ல அந்தக் குரல் கஷ்டப்படுறது காதுல கேக்கும். ஷோல நடிகரா வர்ற டிராய் மெக்ளூருக்கும் வக்கீல் ஹட்ஸுக்கும் பேசின ஃபில் ஹார்ட்மன் 1998ல கொலையானாரு, டீச்சர் கிராபாப்பலுக்குப் பேசின மார்சியா வாலஸ் 2013ல போனாங்க, ரெண்டு தடவையும் அந்தக் கதாபாத்திரங்களை நிறுத்திட்டாங்க, அது மரியாதையான வேலை.

அதனால நீங்க முடிக்க வேண்டிய எபிசோட் சீசன் 23ல ஒன்பதாவது, 'ஹாலிடேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்', 2011 டிசம்பர் 11. அந்த வருஷம் நடிகர்கள் சம்பளத்தைக் குறைக்கலன்னா ஷோவை நிறுத்திடுவோம்னு ஃபாக்ஸ் சொல்லியிருந்துச்சு, ஒருவேளை இதுவே கடைசியா போயிடுச்சுன்னா பொருந்துற மாதிரிதான் எழுதி வெச்சாங்க. அப்புறம் நடிகர்கள் சம்பளக் குறைப்புக்கு ஒத்துக்கிட்டாங்க, ஷோ ஓடிடுச்சு, எழுதின முடிவு மட்டும் நடுவுல கிடக்கு. ஆரம்பமே கிறிஸ்துமஸ் போட்டோவா வந்து வருஷம் போகப் போக பிள்ளைங்க வளந்துட்டே போகும், இத்தனை வருஷமா வளராதவங்க அரை நிமிஷத்துல வளந்துடுவாங்க. 30 வருஷம் கழிச்சு ஒரு பண்டிகைக்கு எல்லாரும் வீட்டுக்கு வர்றாங்க. பார்ட் டைவர்ஸ் ஆகி, பிள்ளைங்ககிட்ட ஒட்ட முடியாம திண்டாடுறான். லிசாவோட பொண்ணு அம்மாகிட்ட முகம் குடுத்தே பேச மாட்டேங்குது. மேகி நிறைமாசமா ஊருக்கு வந்துட்டு இருக்கா. ஒரு ராத்திரி அண்ணனும் தங்கச்சியும் அந்தப் பழைய மரவீட்டுல உக்காந்து குடிச்சுட்டே பேசுவாங்க, நம்மள வளக்க அப்பா அம்மா எப்படித்தான் சமாளிச்சாங்களோன்னு. ஹோமர் பாட்டுக்குப் பேரன்களை சமாளிச்சுட்டு இருப்பாரு, நல்ல தாத்தாவா. ஒரு ஷோ முடியணும்னா இப்படித்தான் முடியணும்.

நான் மேல சொன்ன 23க்கு அப்புறத்து எபிசோடுங்களை அதனால இதுக்கு முன்னாடியே பாத்து முடிச்சுடுங்க, சீசன் வரிசை பத்திக் கவலைப்படாதீங்க, இந்த ஷோல வரிசைக்கு அர்த்தமே இல்ல. சீசன் 36 முதல் எபிசோட் 'பார்ட்ஸ் பர்த்டே'யையும் சேத்துக்கலாம், 2024ல கோனன் ஓ'பிரையனே தொகுப்பாளரா வந்து, இதுதான் கடைசி எபிசோடுன்னு ஊரை ஏமாத்தி, ஒரு ஏஐ எழுதின முடிவுன்னு எல்லா ஷோவோட கடைசி எபிசோடையும் கலாய்ப்பாங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த 2011 எபிசோடுக்கு 2014ல சீசன் 25ல 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் ஃபியூச்சர்'னு ஒரு தொடர்ச்சி எடுத்து வெச்சிருக்காங்க, அதே எதிர்காலம், முடிச்ச கதையை மறுபடி பிரிச்சு ஹோமரைத் திரும்பத் திரும்ப சாகடிச்சு குளோன் பண்ணி விளையாடியிருப்பாங்க. அதைத் தொடவே தொடாதீங்க. கடைசி எபிசோட் போடுறதுக்கு முன்னாடி ஆட்டோபிளேயையும் ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா கிரெடிட்ஸ் ஓடி முடியிறதுக்குள்ள சீசன் 23ல பத்தாவது எபிசோட் தானா ஆரம்பிச்சிடும்.